இழுப்பறையில் இருந்த எழுத்துருவை ஆறு வாரம் வெளியே தேடினேன்

ஒரு புத்தக வேலைக்காக, பெயர் தெரியாத ஒரு பழைய ஸ்கிரிப்ட் (கையெழுத்துப் பாணி) எழுத்துருவைத் தேடி, போன வருடம் ஆறு வாரம் அலைந்தேன். கடைசியில் அது கிடைத்தது என் மேசை இழுப்பறையில். நடுவில் தவறான ஃபாண்ட் இரண்டு வாங்கினேன், ஒருவருக்குக் காசு கொடுத்து எழுத்துகளை ட்ரேஸ் செய்ய (அச்சின் மேலேயே கோடு பிடித்து வரைய) வைத்தேன், அதுவும் போதாமல் விட்டுப்போன எழுத்துகளை நானே வரைந்து பார்த்தேன். அந்த வேலைக்குப் பேசியிருந்த கூலியில் பாதிக்கு மேல் இதிலேயே கரைந்துவிட்டது. நேரக் கணக்குப் பார்த்தால் 70 மணி நேரத்துக்குக் குறையாது. யாராவது முதல் நாளே இரண்டு விஷயம் சொல்லியிருந்தால் இவ்வளவும் மிஞ்சியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் உறுத்துகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், இதே மாதிரி வேலை கையில் வந்து நிற்கிறவர்களுக்காக.

வயதான ஒரு அம்மா ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா எழுதிய கடிதங்களின் தொகுப்பு, உள்பக்கத்தில் 1949 என்று ஆண்டு போட்டிருந்தது. அச்சேறாத கடிதங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன, அவற்றை இரண்டாம் தொகுதியாகப் போட வேண்டும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டும் என்றார். உள்ளே ஓடும் எழுத்து வழக்கமான புத்தக எழுத்துதான், அதைக் கண்டுபிடிக்க அரை நாள்கூட ஆகவில்லை. அட்டையிலும் அத்தியாயத் தலைப்புகளிலும் வந்த சாய்ந்த கையெழுத்துப் பாணி எழுத்துதான் வேறு மாதிரி இருந்தது. சிறிய எழுத்துகளின் உடல் குட்டையாக இருக்க, எல், எச், டி மாதிரி மேலே நீளும் எழுத்துகள் மட்டும் மிக உயரமாக எழும்பி நின்றன. எழுத்தோடு எழுத்து சேரவில்லை, ஆனால் சேரப் போகிற மாதிரி பக்கத்தில் வந்து நின்றுவிடும். கேபிடல்கள் ஒரே வீச்சில் பேனாவை எடுக்காமல் எழுதியவை போல இருந்தன. “மத்ததெல்லாம் எப்படி வேணா மாத்திக்கோங்க தம்பி, தலைப்பு எழுத்து மட்டும் மாறக் கூடாது. அப்பா பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது” என்றார். “சரிங்கம்மா, ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிடறேன்” என்று சொல்லி, மொத்த வேலைக்கும் சேர்த்து ஒரே தொகையாகக் கூலியும் பேசிவிட்டேன்.

என் முதல் தப்பு அந்த வாக்குறுதிதான். எழுத்துருவை அடையாளம் காண்பது பத்து நிமிடத்திலும் முடியும், பத்து வாரமும் இழுக்கும், முன்கூட்டிச் சொல்லவே முடியாது. அதை மொத்தக் கூலிக்குள் அடக்கவே கூடாது. இப்போதெல்லாம் தேடுவதற்கு இத்தனை மணி நேரம், அதற்கு மேல் போனால் உங்களைக் கேட்டுத்தான் தொடர்வேன், கிடைக்காவிட்டால் மாற்று இன்ன மாதிரி இருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். யாரும் முகம் சுளித்ததில்லை.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். தலைப்பைப் போனில் படமெடுத்து, படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஒரு தேடல் வசதியில் போட்டேன். சில நொடிகளில் இருபதுக்கும் மேல் பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் ஒத்துப்போனது, எதுவும் முழுசாக ஒத்துப்போகவில்லை. இந்த வசதிகளைப் பற்றி எனக்கு அப்போது புரியாத விஷயம் ஒன்று உண்டு. அவை தங்களிடம் இருக்கும் டிஜிட்டல் ஃபாண்ட்களுக்குள் மட்டும்தான் தேடும். உங்கள் எழுத்து அந்தக் கூட்டத்தில் இல்லையென்றால் “இல்லை” என்று சொல்லாது, இருப்பதில் கிட்டத்தட்ட ஒத்ததை எடுத்து நீட்டும். நாம் அதைப் பதில் என்று நம்பிவிடுகிறோம். அதோடு நான் கொடுத்த படமும் மோசம், பக்கம் வளைந்திருந்த இடத்தில் எடுத்ததால் எழுத்தின் சாய்வே மாறியிருந்தது. ஸ்கேனரில் தட்டையாக வைத்து, 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி), தானாகக் கூர்மையாக்கும் வசதியை அணைத்துவிட்டு எடுத்திருக்க வேண்டும்.

ஆண்டை வைத்துச் சலிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. புத்தகம் 1949இல் அச்சானது என்றால் அதற்குப் பிறகு பிறந்த எழுத்து எதுவும் அதில் இருக்க வாய்ப்பே இல்லை. பட்டியலில் இருந்த மிஸ்ட்ரல் என்ற ஸ்கிரிப்ட் 1953இல் வந்தது, மர்ரே ஹில் 1956இல், அமேசோன் 1958இல். பட்டியலில் வந்தவற்றில் பாதியை இந்த ஒரே கேள்வியில் தள்ளியிருக்கலாம். நானோ அவை ஒவ்வொன்றையும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்த்து இரண்டு ராத்திரியைக் கழித்தேன். எந்த எழுத்துருவாக இருந்தாலும் அது முதலில் வெளிவந்த ஆண்டைத் தேடுவதற்கு ஒரு நிமிடம் ஆகும். முதலில் அதைச் செய்யுங்கள்.

அப்புறம் முதல் ஃபாண்டை வாங்கினேன். பார்க் அவென்யூ என்ற ஸ்கிரிப்டின் ஒரு டிஜிட்டல் வடிவம். ராபர்ட் ஈ. ஸ்மித் 1933இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்ற எழுத்து வார்ப்பு நிறுவனத்துக்காக வரைந்தது அது, ஆண்டு பொருந்தியது, தூரத்தில் இருந்து பார்த்தால் முகமும் பொருந்தியது. வாங்கி, நிறுவி, பழைய தலைப்பை அப்படியே தட்டச்சு செய்து ஸ்கேன் மேல் வைத்தேன். கேபிடல்களின் சுழி வேறு, சாய்வு வேறு. சரி, இது இல்லை என்று இரண்டாவதை வாங்கினேன். ஹோவர்ட் ட்ராஃப்டன் வரைந்து ஜெர்மனியின் பாவர் எழுத்து வார்ப்பகம் அதே 1933இல் வெளியிட்ட ட்ராஃப்டன் ஸ்கிரிப்ட் வழியில் வந்தது. குட்டை உடல், நெட்டைக் கழுத்து, சேராத எழுத்து எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அதன் மெல்லிய கோடுகள் மயிரிழையாக இருந்தன, என் மாதிரியில் கோடு அவ்வளவு இளைக்கவே இல்லை. பழைய அச்சில் மை பரவித் தடித்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அதை வைத்தே ஒரு அட்டை மாதிரியும் செய்து அந்த அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. “அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது அது இல்லையே.” தொழில்முறையாக எழுத்தைப் பார்க்கிறவன் நான், தவறவிட்டதை ஒரு பார்வையில் அவர் பிடித்தார். அன்றைக்கு மனசு ரொம்பச் சுருங்கிப் போனது.

இறக்கிய ஃபாண்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவது பெரும்பாலும் நடக்காது, எனக்கும் நடக்கவில்லை. ஆனால் வாங்காமலேயே சோதித்திருக்கலாம். விற்பனைப் பக்கங்களில் நாமே சொற்களைத் தட்டிப் பார்க்கும் கட்டம் இருக்கும், அதில் உங்கள் மாதிரியில் இருக்கும் அதே சொற்களை அடித்து, திரையைப் படமெடுத்து, ஸ்கேன் மேல் பாதி ஒளிபுகும்படி வையுங்கள். வைக்கும்போது சொல்லின் மொத்த அகலத்தைப் பொருத்தாதீர்கள், இடைவெளி எப்படியும் மாறும். உயரமான ஒரே ஒரு எழுத்தின் உச்சியையும் அடிக்கோட்டையும் பொருத்துங்கள். அப்படி வைத்ததும் குட்டை எழுத்துகளின் உயரம் தானாகப் பொருந்தாவிட்டால் அது வேறு எழுத்து, அதோடு விட்டுவிடலாம். பிறகு சாய்வு. பிறகு எஃப், ஜி, ஆர், எஸ் என்ற நான்கு சிறிய எழுத்துகள். அதற்கும் பிறகுதான் கேபிடல்கள், ஏனென்றால் கண்ணை மயக்குவதே அவைதான். 1930களில் விளம்பரக் கையெழுத்தின் ஜாடையில் ஸ்கிரிப்ட்கள் வரிசையாக வந்தன, குட்டை உடலும் நெட்டைக் கழுத்தும் அந்தக் காலத்து மோஸ்தர். ஜாடையை மட்டும் நம்பினால் அண்ணனைத் தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது வாரம் பொறுமை போய், எழுத்துருவே வேண்டாம், இருக்கும் எழுத்துகளை ட்ரேஸ் செய்து பயன்படுத்திக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். வெக்டர் வேலை (கணினியில் கோட்டுருவமாக வரைவது) செய்யும் ஒருவருக்கு ஸ்கேன்களை அனுப்பினேன். இதில்தான் அதிகப் பணம் போனது. அவர் செய்ததில் குறை சொல்ல முடியாது, கொடுத்ததை அப்படியே வரைந்தார், ஆனால் கொடுத்ததில்தான் சிக்கல். பழைய தலைப்புகளில் ‘இ’ (e) என்ற சிறிய எழுத்து 19 இடத்தில் வந்தது, 19ம் 19 விதம். மை அதிகம் அழுந்திய இடத்தில் கண் அடைத்துப் போயிருந்தது, குறைந்த இடத்தில் கோடு மெலிந்திருந்தது. எதை அசல் என்று எடுப்பது? மேலும் பழைய புத்தகத்தில் வந்தவை ஒன்பதே கேபிடல்கள். புதிய தொகுதிக்கு வேறு கேபிடல்களும் வேண்டும், முக்கியமாக ‘கே’ வேண்டும், ஏனென்றால் அந்த அம்மாவின் தாயார் பெயர் அதில்தான் தொடங்குகிறது, அவருக்கு எழுதிய கடிதங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் இருந்தது. இருந்த ‘ஆர்’ எழுத்தின் காலையும் ‘எச்’ எழுத்தின் தண்டையும் ஒட்டி நானே ஒரு ‘கே’ வரைந்தேன். மூன்று நாள் போனது. தனியாகப் பார்த்தால் நன்றாக இருந்தது, சொல்லுக்குள் வைத்ததும் விருந்தாளி மாதிரி தள்ளி நின்றது.

ஒன்று சொல்ல வேண்டும். அச்சில் இருந்து ட்ரேஸ் செய்வது, லோகோ மாதிரி மாறாத ஒரே சொல்லுக்குச் சரிதான். புதிய சொற்கள் கோக்க வேண்டியிருந்தால் அதில் இறங்காதீர்கள். எழுத்துரு என்பது வடிவம் மட்டும் இல்லை, எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்ற கணக்கும் அதற்குள் இருக்கிறது. அந்தக் கணக்கு ட்ரேஸில் வராது.

திருப்பம் வந்தது நான்காவது வாரத்தில், எழுத்துருவைப் பற்றி நான் ஒன்றுமே கேட்காத ஒருவரிடம் இருந்து. லெட்டர்பிரஸ் அச்சகத்தில், அதாவது ஈய எழுத்தைத் தாளில் அழுத்தி அச்சிடும் பழைய வகை அச்சகத்தில், காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். பழைய புத்தகத்தின் தாளைப் பற்றி விசாரிக்கத்தான் அவரிடம் போனேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு தலைப்பாகப் பார்த்துக்கொண்டே போனார், பேசவே இல்லை. பிறகு என் கையில் கண்ணாடியைக் கொடுத்து ‘எஃப்’ எழுத்தின் கீழ்நுனியைப் பார்க்கச் சொன்னார். எழுத்தின் விளிம்பைச் சுற்றி மை கொஞ்சம் கறுத்துக் கரை கட்டியிருந்தது, ஈயம் தாளில் அழுந்தும்போது மை ஓரத்துக்கு ஒதுங்குவதால் வருவது அது. நடுவில் நிறம் சற்று வெளிறியிருந்தது. நுனி கூர்மையாக, முழுசாக இருந்தது. “அடுத்ததைப் பாரு” என்றார். அதுவும் முழுசு. புத்தகம் முழுக்க ஒரு ‘எஃப்’ நுனிகூட உடையவில்லை. “இது பொறுக்கி அடுக்குன எழுத்து இல்லப்பா, வார்த்த வரி. அப்பப்ப புதுசா வார்த்தது. அதான் ஒண்ணுகூட மூளி இல்ல.”

எனக்குப் புரிய கொஞ்சம் நேரம் ஆனது. வார்ப்பகங்கள் விற்ற ஈய எழுத்தில் ஒவ்வோர் எழுத்தும் தனித் துண்டு, துண்டு நேரான செவ்வகம். அதன் தலையில் இருக்கும் ஸ்கிரிப்ட் எழுத்தோ சாய்ந்தது. அதனால் எஃப்பின் வாலும் கேபிடலின் சுழியும் துண்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு, பக்கத்துத் துண்டின் தோள்மேல் தொங்கும். கம்போசிங்கிலும் அச்சிலும் அடிபட்டு முதலில் உடைவது அந்த நீட்டல்தான், அதனால்தான் பழைய ஸ்கிரிப்ட் அச்சுகளில் மூளியான நுனிகளைப் பார்க்கிறோம். லட்லோ என்ற எந்திரத்தின் வழி வேறு. எழுத்தின் அச்சுருக்களை, அதாவது மேட்ரிக்ஸ்களை, கையால் ஒரு சட்டத்தில் அடுக்கி எந்திரத்தில் செருகினால், உருகிய ஈயம் பாய்ந்து அந்த வரி முழுக்க ஒரே கட்டியாக வார்ந்து வரும். அதை ஸ்லக் என்பார்கள். வேலை முடிந்ததும் உருக்கிவிடலாம், அடுத்த வரிக்குப் புது ஈயம். சாய்ந்த எழுத்துகளுக்காக, எந்திரத்தைச் செய்த லட்லோ நிறுவனம் மேட்ரிக்ஸின் பக்கங்களையே 17 டிகிரி சாய்த்து வெட்டியது, அதனால் எழுத்து நெருக்கமாகவும் நிற்கும், நுனி உடையவும் உடையாது. பெரியவர் தன் காலத்தில் அந்த எந்திரத்தில் வேலை பார்த்தவர். “லட்லோ புத்தகத்துல தேடிப் பாரு” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

வெறும் நான்கு சொல். ஆனால் அதோடு தேடலின் திசையே மாறிவிட்டது. அதுவரை நான் கேட்டுக்கொண்டிருந்தது “இது எதைப் போல இருக்கிறது” என்ற கேள்வி. அதற்குப் பதிலாக “இதை எந்த எந்திரம் செய்தது, அந்த எந்திரத்துக்கு எழுத்து கொடுத்தது யார்” என்று கேட்டால் ஆயிரக்கணக்கான எழுத்துகள் சில பத்துகளாகச் சுருங்கிவிடும். ஸ்கிரிப்ட் என்றால் இன்னும் குறைவு. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் பழைய அச்சு நிறுவனங்களின் எழுத்து மாதிரிப் புத்தகங்கள் ஸ்கேன்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்தின் தோற்றத்தை விவரித்துத் தேடினால் ஒன்றும் வராது, நிறுவனத்தின் பெயரோடு ஸ்பெசிமன் என்ற சொல்லைச் சேர்த்துத் தேட வேண்டும். அன்று சாயங்காலம் உட்கார்ந்து லட்லோ மாதிரிப் பக்கங்களைப் புரட்டினேன், ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கம் திரும்பியதும் தெரிந்துவிட்டது. ஸ்கேனை எடுத்து மேலே வைக்கும்போது கை நடுங்கியது. ஜியின் வால், எஸ்ஸின் முதுகு, கேபிடல் எல்லின் அடிச்சுழி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. கொரோனெட், தடித்த வகை.

கொரோனெட்டை வரைந்தவர் ராபர்ட் ஹண்டர் மிடில்டன், 1937இல் வந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்து சிகாகோவில் வாழ்ந்தவர், 1923இல் லட்லோவில் சேர்ந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு அங்கேயே இருந்து 100க்குக் கிட்டத்தட்ட எழுத்துருக்களைக் கொடுத்தவர். அந்தப் பெயரே எனக்கு அதுவரை தெரியாது. ஒரு மனிதர் தன் ஆயுள் முழுக்க ஒரே எந்திரத்துக்கு எழுத்து வரைந்திருக்கிறார், அந்த எந்திரத்தின் சாய்வுக்குள் எழுத்து எப்படி வசதியாக உட்காரும் என்று யோசித்து இதைச் செய்திருக்கிறார் என்று தெரிந்ததும், நான் ‘ஆர்’ காலை வெட்டி ஒட்டி ஒரு ‘கே’ செய்ததை நினைத்து உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

பெயர் கிடைத்துவிட்டது, இனி வாங்கினால் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. கொரோனெட் என்று தேடியபோது எனக்குக் கிடைத்தது மெல்லிய வகை, என் புத்தகத்தில் இருப்பதோ தடித்தது. ஒருவேளை மெல்லிய வகைதான் மை பரவித் தடித்துத் தெரிகிறதோ என்று மறுபடி ஒரு நாள் குழம்பினேன். இந்தச் சந்தேகம் உங்களுக்கும் வரும், ஒரு வழி சொல்கிறேன். கோட்டின் தடிமனைப் பார்க்காமல், எழுத்துக்குள் அடைபட்டிருக்கும் வெள்ளையைப் பாருங்கள். மை பரவினால் வெளியே பெருத்து உள்ளே வெள்ளை சுருங்கும். எழுத்தையே தடிமனாக வரைந்திருந்தால், வரைந்தவர் உள்ளே வெள்ளைக்கு இடம் விட்டுத்தான் வரைந்திருப்பார். என் மாதிரியில் நன்றாக அச்சான ‘ஓ’ ஒன்றின் உள்வெள்ளை அகலமாக, சுத்தமாக இருந்தது. தடித்த வகைதான், சந்தேகமில்லை.

அந்தத் தடித்த வகையைத் தேடியபோதுதான் இன்னொரு பெயர் கண்ணில் பட்டது, ரிப்பன் 131. பிட்ஸ்ட்ரீம் நிறுவனம் கொரோனெட்டை டிஜிட்டலாக்கியபோது வைத்த பெயர் அது. பிட்ஸ்ட்ரீம் 1981இல் மாத்யூ கார்ட்டரும் மைக் பார்க்கரும் சேர்ந்து தொடங்கியது, பழைய உலோக எழுத்துகள் பலவற்றைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்கள். அவர்கள் பட்டியலில் மிஸ்ட்ரல் ஸ்டக்காட்டோ 222 ஆகிவிடும், சோக் ஸ்டக்காட்டோ 555 ஆகிவிடும். ஏன் இப்படி என்று படித்தபோதுதான் விளங்கியது. அமெரிக்கச் சட்டத்தில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) கிடையாது, ஆனால் பெயர் வணிகச் சின்னம், அது உரியவருக்கே சொந்தம். ஃபாண்ட் கோப்பு ஒரு மென்பொருள் என்பதால் அதற்குத் தனியாகப் பதிப்புரிமை உண்டு. அதனால் ஒருவர் வடிவத்தைப் பார்த்துப் புதிதாக வரைந்து வேறு பெயரில் விற்க முடியும், அதே பெயரில் விற்க முடியாது. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை, ஜெர்மனியில் 1981 முதல் எழுத்து வடிவத்துக்கே குறிப்பிட்ட காலப் பாதுகாப்பு தரும் சட்டம் இருக்கிறது. எப்படியானாலும் தேடுகிறவருக்கு இதன் பொருள் ஒன்றுதான்: அசல் பெயரைக் கண்டுபிடித்தது பாதித் தூரம், அது இப்போது என்னென்ன பெயர்களில் உலாவுகிறது என்பது மீதித் தூரம். ‘இன்ன எழுத்துரு, வேறு பெயர்கள்’ என்று தேடாமல் கடைக்குப் போகாதீர்கள்.

ரிப்பன் 131 என்ற சொல்லை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று ஒரு ராத்திரி முழுக்க உறுத்தியது. காலையில் இழுப்பறையைத் திறந்து கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளின் பழைய வட்டை எடுத்தேன். அதில் பிட்ஸ்ட்ரீம் ஃபாண்ட்கள் நூற்றுக்கணக்கில் வரும், பெயருக்குப் பின்னால் பிடி (BT) என்று ஒட்டியிருக்கும். வட்டைப் படிக்க என் கணினியில் டிரைவ் இல்லை, ஒருவரிடம் இரவல் வாங்கி வந்து திறந்தால் இருக்கிறது, ரிப்பன் 131 போல்டு. ஆறு வாரமாக முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. சந்தோஷமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

உடனே நிறுவினேன், வேலை செய்யவில்லை. பதற்றத்தில் டைப் 1 வடிவக் கோப்பை எடுத்திருந்தேன். அந்தப் பழைய வடிவத்துக்கான ஆதரவை அடோபி தன் மென்பொருள்களில் 2023 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. வட்டின் இன்னொரு அடைவில் ட்ரூடைப் வடிவமும் இருந்தது, அது வேலை செய்தது. பழைய ஃபாண்டை யாரிடமாவது வாங்குவதற்கு முன் எந்த வடிவத்தில் தருகிறார்கள் என்று கேளுங்கள், டைப் 1 என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வட்டில் இருந்ததை வைத்து மாதிரி மட்டும்தான் போட்டேன். மென்பொருளோடு வந்த ஃபாண்டுக்கு அந்த மென்பொருளின் உரிமமே எல்லை, எனக்கு அந்த வட்டு எப்போது யார் பேரில் வந்தது என்றே நினைவில்லை. அதனால் தடித்த வகைக்கு மட்டும் தனியாக லைசன்ஸ் வாங்கினேன், முதலில் வாங்கிய தவறான இரண்டையும்விட இது மலிவாகவே முடிந்தது. வாங்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு டெஸ்க்டாப் லைசன்ஸ் (கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் உரிமம்) பொதுவாகப் போதும், ஆனால் மின்நூலுக்குள் ஃபாண்டையே பொதிந்து வைப்பதற்குப் பெரும்பாலும் தனி லைசன்ஸ் கேட்பார்கள். அந்த அம்மா பேரப்பிள்ளைகளுக்காக மின்நூலும் வேண்டும் என்றார், நான் தலைப்புகளை மட்டும் படங்களாக மாற்றி வைத்தேன், என் லைசன்ஸ் அதை அனுமதித்தது. உங்களுடையதைப் படித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று எங்கிருந்தோ இறக்குபவர்கள், கோப்பின் தகவலில் உரிமையாளர் யார் என்று ஒரு முறை பாருங்கள். விற்பனைக்கு இருக்கும் ஃபாண்டைப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருப்பார்கள், அதை வாடிக்கையாளர் புத்தகத்தில் சேர்த்தால் பதில் சொல்ல வேண்டிய நிலை அந்த வாடிக்கையாளருக்கும் வரலாம்.

சரியான எழுத்து கிடைத்த பிறகும் முதல் அச்சுப் பிரதி பழைய புத்தகத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் மெலிந்து, குளிர்ந்து தெரிந்தது. டிஜிட்டல் கோட்டில் மை அழுந்தாதே. எழுத்தைச் சுற்றி 0.15 பாயிண்ட் கோடு சேர்த்தேன், அவ்வளவுதான், அதற்கு மேல் போனால் உள்வெள்ளை அடைக்கத் தொடங்கியது. உலோக எழுத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி மேட்ரிக்ஸ், டிஜிட்டலில் ஒரே வரைபடம்தான் எல்லா அளவுக்கும் ஊதப்படுகிறது. அதனால் சின்ன அளவில் வந்த பக்கத் தலைப்புகளில் இடைவெளியை நூலிழை அளவு தளர்த்த வேண்டியிருந்தது. அட்டையில் ‘டி’க்கும் ‘ஓ’வுக்கும் நடுவிலான கெர்னிங்கை, அதாவது இரண்டு எழுத்துக்கு இடையிலான இடைவெளியை, கையால் நெருக்கினேன். மற்றபடி எங்கும் கை வைக்கவில்லை.

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்த மாதிரி வந்தாலும் எந்த ஆண்டு அச்சு, எப்படி அச்சானது, எழுத்து சேர்கிறதா இல்லையா, நுனி உடைந்திருக்கிறதா என்று முதலில் எழுதிவிட்டுத்தான் கணினியைத் தொடுகிறேன். பக்கத்திலேயே பெயர் ஜோடிகளின் பட்டியல் ஒன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது, முதல் வரி கொரோனெட், ரிப்பன் 131.

அச்சாகி வந்த இரண்டாம் தொகுதியை அந்த அம்மா முதல் தொகுதிக்குப் பக்கத்தில் வைத்து, பக்கத்துக்குப் பக்கம் புரட்டிப் பார்த்தார். தன் தாயாரின் அத்தியாயம் வந்ததும் நிறுத்தி, ‘கே’ மேல் விரலை வைத்தார். “இந்த எழுத்து பழைய புத்தகத்துலயே கிடையாதே தம்பி, நீங்க வரைஞ்சதா?” “இல்லைங்கம்மா, அப்பா தேர்ந்தெடுத்தாரே, அதே எழுத்தோட கே. அப்போ தேவைப்படல, அவ்வளவுதான்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.